பன்னிரண்டாவது பொட்டு

முரளி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னைத் திட்டியது நியாயம்தான். இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டைப் பார்த்தாலே கண்ணில் தண்ணீர் வருகிறது எனக்கு. டாக்டரும் இரண்டு வருஷமாகத் தேதி கொடுத்துக்கொண்டே இருக்கிறார். நானோ கல்யாணம், காதுகுத்து, மழை, வெயில் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொல்கிறேன். பெற்ற பிள்ளைக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? "கத்திக்கு பயந்துகிட்டு இப்படியே நொண்டிக்கிட்டு இரு" என்று நீ சொன்னாய். பக்கத்திலிருந்த உன் அப்பா, "பயமெல்லாம் இல்லடா, பிடிவாதம்" என்று எடுத்துக் கொடுத்தார். உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படி. எனக்குக் கத்தியிடம் பயமில்லை. உள்ளே வைக்கப்போகிற உலோகத்தை நினைத்துத்தான் பயம். ஏனென்றால் அந்த உலோகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

நீ ஆறாவது படிக்கும்போது நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "எங்கம்மா கம்பெனில எலும்பு செய்றாங்க" என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லப்போய், உன் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் உன்னை எலும்பு முரளி என்று கூப்பிட்டு, ஒரு வாரம் என்னுடன் பேசாமல் இருந்தாய். நாங்கள் எலும்பு செய்யவில்லை. உடைந்த எலும்பை இழுத்துப் பிடிக்கும் தகடு, இடுப்பு மூட்டு மாற்றும்போது தொடை எலும்புக்குள் இறக்கும் ஸ்டெம், இவற்றைத்தான் செய்தோம். ஸ்டெம் என்பது ஒரு சாண் நீளத்துக்கு ஆப்பு மாதிரி இருக்கும். அதன் தலைப்பக்கம் சாய்வாக ஒரு கழுத்து. அந்தக் கழுத்தின் மேல்தான் பந்து உட்காரும். கனமாக இருக்கும் என்று நினைத்துக் கையில் வாங்கினால், கை சட்டென்று மேலே போகும். டைட்டானியம் அவ்வளவு லேசு. வேலைக்குச் சேர்ந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதையா ஒரு மனுஷனின் உடம்புக்குள் வைத்து, அவன் எழுந்து பஸ் ஏறப் போகிறான் என்று நான் நின்ற நிலையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அங்கே எங்கள் அறைக்குப் பெயர் ஃபினிஷிங். நான்கு பெண்கள். கதவுக்கு வெளியே சுவரில் நான்கு ஆணி இருக்கும். உள்ளே போகுமுன் வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி அவரவர் ஆணியில் மாட்டிவிட வேண்டும். தாலிச் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். வளையல் ஒரு தடவை உரசினால் போதும், அந்தப் பொருள் போச்சு. பல நாள் சாயங்காலம் அவசரத்தில் வளையலை ஆணியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். உன் சித்தி கல்யாணத்தில் உறவுக்காரர்கள் என் கையைப் பார்த்து ஒரு மாதிரி கேட்டபோது உன் அப்பா, "அவளுக்கு ஆணியோடதான் கல்யாணம்" என்று சொல்லிச் சமாளித்தார்.

ஒரு சின்ன உரசலுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. மிஷின் ஓட்டும் தனசேகர் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். ஒரு பெட்டிக்குள் ஸ்டெம்மை வைத்து, காற்றின் வேகத்தில் கரகரப்பான தூளை அதன் மேல் அடிப்பது அவர் வேலை. அடித்து முடித்ததும் உடம்புப் பகுதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகிவிடும். கழுத்தை மட்டும் மூடிக் கட்டிவிடுவார், அது கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். பளபளவென்று இருந்ததை எதற்கு இப்படி அசிங்கம் பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். "இன்னாக்கா நீ, எலும்பு வந்து புடிச்சிக்க வாணாமா? வழவழன்னு கீதுன்னு வெச்சிக்கோ, வழுக்கிக்கினு பூடும். சொரசொரன்னு இருந்தாத்தான் எலும்பு அதும்மேல வளந்து கெட்டியா புடிச்சிக்கும்" என்றார். அப்படியானால் கழுத்து? "கழுத்துதான்க்கா ஒவ்வொரு அடிக்கும் வளையுது. நீ நடந்தா அது வளையும், நின்னா நிமிரும். அங்க ஒரு கீறல் இருந்துதுன்னு வை, அங்கேர்ந்துதான் பொளக்க ஆரம்பிக்கும்." எலும்புக்கு அது என்ன உலோகம், எந்த ஊரில் செய்தது என்று ஒன்றும் தெரியாது. மேல்தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இது நம்மோடு இருக்கட்டும், இது வேண்டாம் என்று முடிவு செய்கிறது. அன்றைக்கு எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது முரளி. ஒரே பொருள்தான். ஒரு பக்கம் சொரசொரப்பு உயிர், நாலு விரல் தள்ளி அதே சொரசொரப்பு எமன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அப்பாவுக்கு இதெல்லாம் புதிதல்ல. "எங்க ஃபேக்டரில ஸ்பிரிங்கை சின்னச் சின்ன உருண்டைக் குண்டால அடி அடின்னு அடிப்பாங்க. அடி வாங்கின தோல் உள்ளுக்குள்ள இறுகிக்கும். அப்புறம் விரிசல் விடணும்னு நினைச்சாலும் அதால வாயைத் திறக்க முடியாது. பல மடங்கு நாள் உழைக்கும்" என்றார். அதோடு விட்டாரா? "நானும் கல்யாணம் ஆன நாளா வாங்கிட்டுத்தான் இருக்கேன், பாரு எவ்வளவு உறுதியா இருக்கேன்" என்று உன்னைப் பார்த்துக் கண்ணடித்தார். உருண்டையான குண்டால் அளவாக அடித்தால் பலம், கூரான தூளால் அளவுக்கு மீறி அடித்தால் அதுவே கீறல். எல்லாமே ஒரு தலைமுடியின் கனத்துக்குள் நடக்கிற விஷயம். உள்ளே எத்தனை நல்ல உலோகமாக இருந்தாலும், அது நிற்பதும் உடைவதும் அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது. சாமி நம்பிக்கையில் உன் அப்பாவை மிஞ்சிய எனக்கு, ஒரு ஃபேக்டரி ஷெட்டுக்குள் நின்று கும்பிடத் தோன்றியது அப்போதுதான்.

கும்பிடவும் கும்பிட்டேன். வினை அங்கேதான் வந்தது. நீ ஒன்பதாவது படித்த வருஷம் ஆயுத பூஜை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அன்றைக்குப் பொட்டு வைக்காத பொருள் இருக்காது என்று உனக்குத் தெரியும். லேத்துக்குப் பொட்டு, ஸ்பேனருக்குப் பொட்டு, முதலாளி காருக்குப் பொட்டு, கக்கூஸ் கதவுக்குக்கூட யாரோ வைத்திருப்பார்கள். அந்தத் தடவை ஒரு புது மாதிரி ஸ்டெம், பன்னிரண்டு உருப்படி, எல்லா வேலையும் முடிந்து லென்ஸில் பார்த்து, சரி என்று எழுதி டிரேயில் அடுக்கியிருந்தது. சோதனைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மிஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம், மனுஷன் உடம்புக்குள் போகப்போகிற இதற்கு வைக்காவிட்டால் எப்படி என்று எனக்குத் தோன்றியது. சந்தனம் குழைத்து, குங்குமம் தொட்டு, பன்னிரண்டுக்கும் கழுத்தில் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். குடத்துக்குக் கழுத்தில் வைப்போமே, அதே மாதிரி கை தானாக அங்கேதான் போனது. இதை யார் வாங்கிக்கொண்டாலும் நன்றாக நடக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் வேண்டிக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே இரண்டு உருப்படி சோதனைக்குப் போக வேண்டும். மெல்லிய துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், தெரியாமல் இல்லை. துடைத்தேன், போகவில்லை. குழாயடியில் நாங்கள் டிபன் பாக்ஸ் கழுவும் கம்பி ஸ்க்ரப்பர் கிடந்தது. அதை எடுத்து ஒரு சுற்று தேய்த்தேன். சந்தனம் போய்க் கழுத்து மின்னியது. பன்னிரண்டையும் தேய்த்துவிட்டேன். அந்த ஷெட்டில் எங்கே பார்த்தாலும் தனசேகர் அண்ணன் மிஷினின் கரகரப்புத் தூள்தான் பறந்துகொண்டிருக்கும், அது அந்த ஸ்க்ரப்பருக்குள்ளும் புகுந்திருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. வளையலை ஆணியில் கழற்றி மாட்டிவிட்டு வந்த அதே கை இந்த வேலையைச் செய்தது. பொருள் ஏற்கெனவே லென்ஸில் பார்த்து முடித்ததாயிற்றே, மறுபடி யாரும் பார்க்கவில்லை.

வெளியே ஒரு சோதனைக்கூடத்தில் அந்த ஸ்டெம்மை மிஷினில் பூட்டி, மனுஷன் நடப்பது போலவே இடைவிடாமல் அழுத்தி அழுத்தி எடுப்பார்கள். ஒருவன் பல வருஷம் நடக்கிற நடையைச் சில நாளில் அது நடந்து முடித்துவிடும். ரயில் ஏறி, படி இறங்கி, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, எல்லா நடையும். எங்களுடையது பாதி தூரம்கூட நடக்கவில்லை. கழுத்தில் ஒடிந்துவிட்டது. முதலாளி பெரிதாக்கிய படத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஒடிந்த முகத்தில், கடற்கரை மணலில் அலை வந்துபோன கோடு மாதிரி, வரிசை வரிசையாகக் கோடுகள். அத்தனையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தன. அந்த இடத்தில் ஒரு கீறல். கண்ணால் பார்க்க முடியாத கீறல். கழுத்தைச் சரியாக மூடாமல் தூள் அடித்துவிட்டான் என்று முதலாளி எல்லார் முன்னாலும் தனசேகர் அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கழுத்தின் வெளிப்புறத்தில் கீறல்கள் வட்டம் வட்டமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. தூள் அடித்தால் அப்படி வராது. அது பாத்திரம் தேய்க்கிற கை. அங்கிருந்த ஆம்பிளைகள் யாருக்கும் அது தெரியவில்லை, தினமும் பாத்திரம் தேய்க்கிற எவளுக்கும் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. தனசேகர் அண்ணன் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. மறுநாள் காலையில் போனதும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். தனசேகர் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர், "அத்த நேத்தே சொல்லிருந்தா நான் சோறாவது துன்னுருப்பேன்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முரளி, தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் அந்த ஒரு நாள் பட்டினி வேறு யார் தலையிலாவது விழும்.

ஆனால் நான் உன்னிடம் சொல்ல வந்த தப்பு இது இல்லை. நான் சொல்லி அழுததும் முதலாளி எழுந்து அந்த டிரேயை எடுத்து வந்து, "இதெல்லாத்தையும் நசுக்கிடச் சொல்லிடறேன்" என்று என் முன்னால் வைத்தார். நான் எண்ணினேன். ஒன்பது இருந்தது. சோதனைக்குப் போனது இரண்டு. மொத்தம் பதினொன்று. பொட்டு வைத்தது பன்னிரண்டு. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் அவசரக் கேஸ் என்று ஓடிவந்து ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். "சார், இன்னொண்ணு எங்கே?" இவ்வளவுதான் நான் கேட்டிருக்க வேண்டியது. கேட்கவில்லை. அவர் என்ன பதில் சொல்வாரோ என்ற பயத்தில் அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டேன். அன்றைக்கு விழுங்கியது இத்தனை வருஷமும் உள்ளேயே கிடந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஸ்டெம்மையும் என்னால் நிம்மதியாகத் தொட முடியவில்லை. சில மாதத்தில் வேலையை விட்டேன். உன்னிடம் என்ன சொன்னேன்? "உன் பத்தாவது பரீட்சைக்காக விட்டேன்" என்று சொன்னேன். அது பொய் முரளி. நீ அதை நம்பினாய். எனக்காக அம்மா நல்ல வேலையை விட்டாள் என்று நீ எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய். காலேஜுக்கு வெளியூரில் நல்ல இடம் கிடைத்தும், அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று ஆவடியைத் தாண்டாமலே படித்தாய். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பிள்ளை பாசத்தில் இருக்கிறான் என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாரத்தை இன்றைக்கு உன் தலையிலிருந்து இறக்கிவிடுகிறேன். நீ எனக்கு எதற்காகவும் கடன்பட்டவன் இல்லை. என்னை மன்னித்துவிடு.

இத்தனை வருஷம் நான் மனுஷர்களின் முகத்தைப் பார்த்ததைவிட நடையைப் பார்த்ததுதான் அதிகம். ஆவடி பிளாட்பாரத்தில் யாராவது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தால் என் மனசு அவர் பின்னாலேயே போகும். வெள்ளானூரில் நாம் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், எதிர்வீட்டுப் பெரியவர் இடுப்பு ஆபரேஷன் ஆனவர் என்று தெரிந்ததும், எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி என்று நான் குடைந்து குடைந்து கேட்டதில் அவர், "உங்க சம்சாரம் டாக்டருக்குப் படிச்சவங்களா?" என்று உன் அப்பாவிடம் கேட்டாராம். எங்கேயோ ஒருவர் உடம்புக்குள் நான் பொட்டு வைத்த கழுத்து ஒவ்வொரு அடிக்கும் வளைந்துகொண்டிருக்கிறது. அப்படி இருக்க, நான் மட்டும் படுத்து, நல்ல மூட்டு ஒன்றை வைத்துக்கொண்டு எழுந்து நடப்பேனா? இதுதான் அந்தக் கல்யாணம், காதுகுத்து, மழை, வெயில் எல்லாம்.

நீ திட்டிய இரண்டாவது நாள், உன் அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து அம்பத்தூருக்குப் போனேன். முதலாளி கம்பெனியை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "வாம்மா, என்ன இப்படி நொண்டுற?" என்றார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கேட்டேன். "சார், அன்னிக்கு பன்னெண்டு ஸ்டெம் இருந்துச்சு. டிரேல ஒன்பதுதான் இருந்துச்சு. ரெண்டு டெஸ்டுக்குப் போச்சு. இன்னொண்ணு யாருக்கு சார் வெச்சாங்க?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். எழுந்து பூஜை அலமாரிக்குப் போனார். சாமி படத்துக்குக் கீழேயிருந்து எதையோ எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டாக அறுத்த ஸ்டெம். கழுத்துப் பக்கம் ஒரு துண்டு, அடிப்பக்கம் ஒரு துண்டு. கழுத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தது, போன ஆயுத பூஜைக்கு வைத்தது. "ஒடைஞ்ச சேதி வந்த அன்னிக்கே எல்லாத்தையும் லென்ஸ்ல பார்த்தேன்மா. எல்லாத்துலயும் கீறல். மொத்தத்தையும் நசுக்கிடறதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஒண்ணை மட்டும் மனசு வரல, சாமிக்குப் பொட்டு வெச்ச பொருளாச்சே. யாரும் தப்பித்தவறி எடுத்துடக் கூடாதுன்னு நானே அறுத்து எடுத்து வெச்சுக்கிட்டேன்." நான் அந்த ஆஸ்பத்திரி ஆளைப் பற்றிக் கேட்டேன். "அது பழைய மாடல்மா, நல்லா டெஸ்ட் ஆனது. சோதனை முடியாம ஒரு உருப்படியையாவது நான் வெளிய விடுவேனா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "இத்தனை வருஷமா இதையா நெனச்சுட்டு இருந்தே? நீ கேட்டிருந்தா அன்னிக்கே காட்டியிருப்பேனே. மேசை டிராயர்லதான்மா இருந்துச்சு" என்றார். நான் நின்று அழுத மேசை. என் கைக்கெட்டும் தூரத்து டிராயர். கேள்வியை வெளியே விடாத வாய்தான் என்னை இத்தனை வருஷம் நொண்ட வைத்தது முரளி. நீ வேலை பார்க்கும் இடத்தில் ஆகட்டும், நாளைக்குக் கட்டிக்கப்போகிறவளிடம் ஆகட்டும், பதிலுக்குப் பயந்து ஒரு கேள்வியை விழுங்காதே. எத்தனை கசப்பான பதிலாக இருந்தாலும் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரத்தில் எழுந்து நின்றுவிடலாம்.

நேற்று அப்பாவும் நானும் டாக்டரிடம் போய்த் தேதி வாங்கிவிட்டோம். அடுத்த புதன்கிழமை. எனக்கு வைக்கப்போகிற ஸ்டெம்மை ஒரு தடவை பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். லென்ஸ் வேண்டாம், நகத்தால் ஒரு தடவு தடவினால் போதும், கழுத்து எப்படி என்று சொல்லிவிடுவேன். அவர் சிரித்தார். பெட்டி சீல் வைத்து வருமாம். ஆபரேஷன் அறையில், நான் மயங்கிக் கிடக்கும்போதுதான் திறப்பார்களாம். வெளிக்காற்றே படக் கூடாதாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. வரும் வழியில் எஸ்டேட்டைத் தாண்டும்போது ஷிப்ட் முடிந்து பெண்கள் வரிசையாகப் பஸ் ஸ்டாப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோவைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லி அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் எலும்பு தொட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்ளப்போகிற அந்தத் தோலை எங்கேயோ ஒருத்தி துடைத்து முடித்திருப்பாள். அவள் இந்த ஊரோ, வேறு தேசமோ, என்ன பாஷை பேசுகிறாளோ, எனக்குத் தெரியாது. நான் யாரென்று அவளுக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமையே வந்துவிடு. ஆஸ்பத்திரியில் வளையலைக் கழற்றித் தரச் சொல்வார்கள், உன் கையில்தான் தருவேன், பத்திரமாக வைத்துக்கொள். எனக்கானதைத் தொடுமுன் அவளும் தன்னுடையதைக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பாள்.

அம்மா